கொட்டிலில் கிடந்ததாக எழுதப்பட்ட கார்

அந்தப் பலகையில் நூற்றுப் பதினாறு சொற்கள் இருக்கின்றன. கைபேசியில் வந்த படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கி, கண்ணாடியைக் கழற்றியும் போட்டும் எண்ணினேன். எங்கோ ஒரு குளிர்நாட்டில், ஒரு மாளிகையின் புல்வெளியில் கார் நிற்கிறது. புதிதாக நீல நிறம் பூசியிருக்கிறார்கள். பக்கத்தில் நட்டிருக்கும் பலகையில் அதன் சரித்திரம் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. யார் செய்தார்கள், எங்கெங்கே பந்தயம் ஓடியது, எந்தத் துரை இலங்கைக்குக் கொண்டுவந்தார், என் அண்ணை மலைநாட்டில் ஓடிய ஒரேயொரு பந்தயம், எல்லாம் உண்டு. அதற்குப் பிறகு அது இணுவிலில் எங்கள் வளவில் நின்ற காலம் முழுவதற்கும் ஒரு வாக்கியம். தமிழில் சொன்னால் ஆறு சொற்கள் வரும். பின்னர் இலங்கையின் வடக்கில் ஒரு கொட்டிலில் கிடந்தது.

நான் கேட்டதும் ஒரு வரிதான். போர்க்காலத்தில் இந்தக் கார் பத்தொன்பது பேரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது என்று ஒரு வரி. காரை லொறியில் ஏற்றிய அன்று, அண்ணையின் மகன் அதைப் போடுவதாகச் சொல்லிவிட்டுத்தான் போனான்.

கார் பிரெஞ்சுக்காரர் செய்தது. இரண்டு உலகப் போர்களுக்கும் இடையில், கிராண்ட் பிறீ என்று சொல்லும் பெரிய பந்தயங்களுக்காகவே செய்தார்கள். நான் வேலை பார்த்த காலமெல்லாம் அரசாங்கக் கந்தோரில் படம் வரைந்தவன். பாலமும் மதகும் கட்டிடமும் வரைந்திருக்கிறேன். ஒரு வரைபடத்தில் வீணான கோடு எது என்று எனக்குத் தெரியும். அந்தக் காரில் வீணான கோடு இருக்கவில்லை. அதன் அடிச்சட்டம் பாரம் தாங்கும் நடுப்பகுதியில் ஒரு சாண் ஆழம். முன்னும் பின்னும் போகப் போக மெலிந்து மூன்று விரலுக்கு வரும். எட்டுச் சிலிண்டர்கள் ஒரே வரிசையில். சில்லுகள் அலுமினிய வார்ப்பு, ஒவ்வொன்றிலும் எட்டுத் தட்டைக் கைகள், பிறேக் உருளையும் அதோடு சேர்ந்தே வார்த்தது. சில்லைக் கழற்றினால் பிறேக்கும் கையோடு வரும். பந்தயத்தின் நடுவில் நேரம் மிச்சம் பிடிப்பதற்காக அப்படிச் செய்தார்கள்.

இருக்கைகள் இரண்டு. அந்தக் காலத்துப் பந்தயங்களில் ஓட்டுபவனுக்குப் பக்கத்தில் ஒரு மெக்கானிக்கும் இருந்து போவது வழக்கம். இரண்டு பேரின் தோள்களும் இடிபடாமல் இருக்க, மெக்கானிக்கின் இருக்கையை அரைச் சாண் பின்னுக்குத் தள்ளி வைத்திருந்தார்கள். பெற்றோல் தாங்கி வாலில். அங்கிருந்து எஞ்சினுக்குப் பெற்றோல் வரவேண்டுமென்றால் தாங்கிக்குள் காற்று அடைக்க வேண்டும். அதற்கொரு கைப்பம்பு மெக்கானிக்கின் முன்னால் இருந்தது. அவன் அடிக்காமல் விட்டால் கார் நின்றுவிடும்.

இவ்வளவு யோசித்துச் செய்த கார் ஒரு பந்தயத்திலும் வெல்லவில்லை. ஐரோப்பாவில் மூன்று ஓட்டம். ஒன்றில் பேரிங் உருகியது, ஒன்றில் கல் பட்டு ரேடியேற்றர் உடைந்தது, ஒன்றில் ஏழாவது. பிறகு ஓர் ஆங்கிலேயர் வாங்கி, அவரிடமிருந்து மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத் துரை ஒருவர் வாங்கினார். அவர் மலைப்பாதைப் பந்தயத்தில் நான்கு தரம் ஓடினார். ஒருமுறை இரண்டாவதாக வந்தார். அப்பா அந்தத் தோட்டத்தில் கிளாக்கர். துரை நாட்டை விட்டுப் போகும்போது காரை வாங்க ஆளில்லை. பழைய இரும்புக்குக் கொடுக்க மனமில்லாமல் அப்பாவிடம் விட்டுவிட்டுப் போனார். அண்ணைக்கு அப்போது கார்ப் பைத்தியம். அதே மலைப்பாதையில் அதை ஓட்டினார். கடைசியாக வந்தார். ஆகமொத்தம் எட்டு ஓட்டம்.

அண்ணை ஓட்டினவர் என்ற ஒரே காரணத்துக்காகப் பதிவுப் புத்தகம் அவருடைய பெயருக்குப் போனது. அப்பா ஓய்வு பெற்றதும் கார் லொறியில் இணுவிலுக்கு வந்தது. சில வருடத்தில் அண்ணை வெளிநாட்டுக்குப் போய்விட்டார். போகும்போது என்னிடம் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது.

"டேய், அதை ஓட்டுறன் கீட்டுறனெண்டு வெளிக்கிடாதை. உனக்கு உது சரிவராது. இடைக்கிடை துடைச்சு மட்டும் விடு."

துடைத்து விட்டேன். நான் செய்தது அது மட்டும்தான் என்று அவருடைய மகனும் நினைத்துவிட்டான் போலும்.

பிறகு போரோடு பெற்றோல் வராத காலம் வந்தது. குடாநாட்டுக்குள் ஓடிய பழைய கார்கள் எல்லாம் மண்ணெண்ணெய்க்கு மாறின. ஒரு சேலைன் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்திருப்போம். அதில் ஸ்ரார்ட் செய்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்குத் திருப்பிவிடுவது. பழைய மொறிஸும் ஒஸ்ரினும் அதைப் பேசாமல் குடித்துவிட்டு ஓடும். பந்தயக் கார் குடிக்காது. அதன் சிலிண்டருக்குள் அமுக்கம் அதிகம். மண்ணெண்ணெயைக் கொடுத்தால் எஞ்சின் சுத்தியலால் அடித்ததுபோல் கதறும். அமுக்கத்தைக் குறைக்க ஒரு வழிதான் இருந்தது. சிலிண்டர்களைக் கழற்றித் தூக்கி, அடியில் ஒரு தடித்த தகடு வைப்பது. நானே படம் வரைந்தேன், முப்பத்திரண்டு துளைகளோடு. கைவிடப்பட்ட ரயில் பெட்டி ஒன்றின் இரும்பில் அச்சுவேலிப் பட்டறை ஒன்றில் வெட்டித் தந்தார்கள். காரின் வேகம் பாதியாகக் குறைந்தது. ஆனால் ஓடியது. ரயரும் அந்த அளவில் கிடைக்காததால் ஐந்து அலுமினியச் சில்லுகளையும் கழற்றிச் சுவரோடு சாத்திவிட்டு மொறிஸ் சில்லுகளைப் போட்டோம். பிறேக் உருளைகளையும் அச்சுவேலியில் தனியாகக் கடைந்து எடுக்க வேண்டியிருந்தது.

அயலில் அதற்குச் சத்தக்கார் என்று பெயர். ஸ்ரார்ட் பண்ணினால் வேலிக்கு மேலால் தலைகள் வந்து என்னைக் கூப்பிடும்.

"அண்ணை, உதை நிப்பாட்டுங்கோ. குண்டு போடப் பொம்பர் வந்தாலும் கேக்காது."

"பொம்பர்காரனுக்கும் கேக்காது. பயப்பிடாதை."

"அவனுக்குக் கேக்கத் தேவையில்லையே. அவனுக்குக் கண் இருக்கு."

முதலாவதாக ஏறியது எங்கள் ஒழுங்கையின் முடிவில் இருந்த ஓர் இளம் பெண்பிள்ளை. தலைப்பிரசவம். மத்தியானம் இடுப்பு நோ கண்டுவிட்டது. அன்று அயலில் வேறு ஒரு கார் இல்லை. புருஷன் சைக்கிளில் வந்து, "அண்ணை, உங்கடை சத்தக்காரை ஒருக்கால் எடுக்கேலுமே" என்று கேட்டான். மெக்கானிக்கின் இருக்கையில் அவளை ஏற்றினோம். கதவு இல்லாத காரில் அந்த வயிற்றோடு அவளை ஏற்ற மூன்று பேர் தேவைப்பட்டது. அவளுடைய தாய் வாலில் ஏறி, தாங்கிப் பட்டியைப் பிடித்துக்கொண்டு காலை இரண்டு பக்கமும் போட்டு இருந்தா. அதற்கு மேல் ஓர் ஆளுக்கு இடமில்லை. பம்பு அடிக்க வேண்டியது கர்ப்பிணிதான்.

"பிள்ளை, முன்னுக்கு ஒரு பிடி தெரியுதே? அதை இழுத்து அமத்து. விட்டியெண்டால் கார் நிண்டுபோம்."

"எனக்கு ஏலாது அண்ணை."

"நோ வரேக்கை விடு. விட்டாப்பிறகு அடி."

"அடியடி பிள்ளை," என்று வாலிலிருந்து தாய் கத்தினா. "இல்லாட்டி நடு றோட்டிலைதான் பெறுவாய்."

"நீங்கள் வந்து அடியுங்கோவன் எணை."

"நான் இஞ்சை குதிரையிலை எல்லோ இருக்கிறன்."

எனக்கு அவளுடைய முகம் தெரியவில்லை. இருக்கை பின்னுக்கு இருந்ததால் அவளுடைய கை மட்டும் என் கண்ணின் ஓரத்தில் வந்து வந்து போனது. எஞ்சின் இழுக்கும்போது அவள் அடிக்கிறாள் என்று தெரியும். எஞ்சின் இருமத் தொடங்கினால் நோ வந்திருக்கிறது என்று தெரியும். கொக்குவிலுக்குக் கிட்ட ஒருமுறை முற்றாக நின்றது. வீதியில் ஒரு சனமில்லை. பிறகு அந்தக் கை வந்து மறுபடியும் பிடியை இழுத்தது. ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது அவளுடைய உள்ளங்கையில் தோல் கழன்றிருந்தது. ஆண் பிள்ளை. ஒழுங்கையில் அவனுக்கு என்ன பெயர் வைத்தாலும் "சத்தக்காரன்" என்றுதான் கூப்பிட்டார்கள்.

அவளோடு தொடங்கிப் பத்தொன்பது பேர். வயிற்றுவலி, பாம்புக்கடி, ஷெல் காயம், பிரசவம். இரண்டு பேர் வழியில் முடிந்துபோனார்கள். ஆட்களை எண்ணுவது எனக்குச் சின்ன வயதிலிருந்தே உள்ள பழக்கம். எழுதி வைக்கவில்லை. எழுதித்தான் நினைவு வைக்க வேண்டுமென்று அப்போது தோன்றவில்லை.

பிறகு இராணுவம் முன்னேறி வந்தபோது எல்லாரும் ஒரே இரவில் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தோம். சனம் நெருங்கிய அந்த வீதியில் காரைக் கொண்டுபோக முடியாது. கொட்டிலுக்குள் விட்டு, மேலே வைக்கோலைப் போட்டு மூடிவிட்டுப் போனோம். மாதக் கணக்கில் கழித்துத் திரும்பி வந்தபோது கார் அப்படியே நின்றது. அது இன்னதென்று தெரியாததால் யாரும் தொடவில்லை. தெரிந்த சாமான் எல்லாம் போயிருந்தது. கதிரை, கட்டில், கதவு, கிணற்றுக் கப்பி. குசினியில் ஒரு பானைகூட இல்லை. வாங்குவதற்குச் சந்தையிலும் இல்லை. அலுமினியம் வருவது குறைவு.

என் மனுசி கொட்டிலுக்குள் போய் நின்று சுவரைப் பார்த்தா.

"இஞ்சருங்கோ, உந்தச் சில்லுகள் என்ன இரும்பு?"

"இரும்பில்லை, அலுமினியம்."

"எண்டால் ஏன் நிக்கிறியள்?"

வீட்டில் இரண்டு பிள்ளைகளோடு நாலு பேருக்குச் சோறு வைக்கப் பானை வேண்டும். அயலிலும் அதே நிலைமை. ஐந்து சில்லுகளையும் சைக்கிளில் கட்டி, பானை வார்ப்பவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒன்பது பானை வந்தது. எட்டை அயலுக்குக் கொடுத்தோம். பெரியதை மனுசி வைத்துக்கொண்டா. அதன் அடி சரியாகச் சமப்படவில்லை. அடுப்பில் ஒரு பக்கம் ஆடும். இன்றைக்கும் அதில்தான் சோறு.

அண்ணை போன வருடம் வெளிநாட்டில் காலமானார். பதிவுப் புத்தகம் மகனுக்குப் போனது. அவன் ஒரு வெள்ளைக்காரரோடு வந்து இறங்கினான். பழைய பந்தயக் கார்களை மறுபடியும் பழையபடி ஆக்குவதுதான் அவருடைய தொழில். வெள்ளைக்காரர் தரையில் படுத்து டோர்ச் அடித்து, சட்டத்தில் குத்தியிருந்த இலக்கத்தைக் கண்டதும் எழும்பி அவனைக் கட்டிப்பிடித்தார். என் கையில் கிறீஸ் இருந்தது. என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். எனக்கு ஆங்கிலம் தெரியும் என்று தெரிந்த பிறகும் கேள்விகளை அவனிடம்தான் கேட்டார். அவன் அவற்றை என்னிடம் தமிழில் திருப்பிக் கேட்டான்.

"சித்தப்பா, இந்தத் தகடு என்னத்துக்கெண்டு கேக்கிறார்."

"மண்ணெண்ணெயிலை ஓடுறதுக்கு."

"றேஸ் காரையோ?"

"வேறை எந்தக் காரை? அதிலை ஆக்களை ஏத்தினது."

"அவர் சொல்லுறார், இதைக் கழட்டிப்போட்டு முதலிலை இருந்தமாதிரிச் செய்யவேணுமாம். வீல் எல்லாம் எங்கை?"

மனுசி குசினிக்குள் போய், கழுவிக் கவிழ்த்திருந்த பானையைக் கொண்டுவந்து அவருக்கு முன்னால் வைத்தா. "ஒண்டு இது," என்றா. "மிச்சம் ஊருக்குள்ளை நிக்குது. அனேகமா அடி ஓட்டை."

அவன் மொழிபெயர்த்தான். வெள்ளைக்காரர் பானையின் பக்கத்தில் குந்தி இருந்து அதைத் தடவினார். செத்த வீட்டில் இருப்பவர்போல இருந்தார். என் மேல் அவருக்குக் கோபம் இருந்திருக்கும். எனக்கும் அவர் மேல் இருந்தது. அந்த வீட்டில் நான்கு பேர் பசியோடு இருந்ததை நினைத்து அவர் குந்தவில்லை.

தகட்டைக் கழற்றி வளவில் போட்டார்கள். மனுசி அதைக் கிணற்றடியில் கால் கழுவும் இடத்தில் போட்டுக்கொண்டா. காரை லொறியில் ஏற்றும்போது நான் அண்ணையின் மகனைத் தனியே கூப்பிட்டு அந்த வரியைச் சொன்னேன். பத்தொன்பது பேர். "ஓம் சித்தப்பா, கட்டாயம் போடுறம்," என்றான். நல்ல பிள்ளைதான். கேட்பதற்கெல்லாம் ஓம் சொல்லும் பழக்கம் தகப்பனிடமிருந்து வந்தது.

பலகையை எண்ணி முடித்த அன்றே அவனுக்குக் கைபேசியில் எடுத்தேன்.

"சித்தப்பா, அது றேசிங் ஹிஸ்ரறி மட்டும்தான். அவையள் அப்பிடித்தான் எழுதுவினம்."

"உன்ரை கொப்பர் கடைசியா வந்தது எழுதியிருக்கு."

"அது றேஸ் தானே."

"கிடந்ததெண்டு எழுதியிருக்கு. கிடந்ததோ?"

பிறகு அவன் வேறொரு கதையை எடுத்தான். இப்போது போட்டிருப்பது இரவல் சில்லுகளாம், புதிதாக வார்க்கப் போகிறார்களாம். பழைய அலுமினியத்தில் கொஞ்சமாவது கலந்தால், முதல் சில்லுகளின் உலோகம் என்று எழுதலாமாம். அதற்கு மதிப்புக் கூடவாம். "சித்தப்பா, அந்தப் பானையைத் தாறியளே? நான் இஞ்சையிருந்து நல்ல பானை ஒண்டு அனுப்பிவிடுறன்."

"தாறன்," என்றேன். "என்ரை வரியைப் போடு. பானையைத் தாறன்."

ஒரு கிழமைக்குப் பிறகு அவன் திரும்ப எடுத்தான். போடச் சம்மதமாம். ஆனால் அவர்கள் ஆதாரம் கேட்கிறார்களாம். யாராவது ஏறினவர்கள் சொன்னால் போதும்; கைபேசியில் படம் பிடித்து அனுப்பச் சொன்னான்.

பத்தொன்பது பேரில் இப்போது ஊரில் இருப்பது முதலில் ஏறிய அந்தப் பெண்பிள்ளை மட்டும்தான். இப்போது அவளுக்கும் தலை நரைத்துவிட்டது. தென்மராட்சியிலிருந்து வன்னிக்குப் போனவள், எல்லாம் முடிந்த பிறகு தனியாகத் திரும்பி வந்தாள். அதே ஒழுங்கையில்தான் இருக்கிறாள். கோயிலடியில் கண்டால் சிரிப்பாள், கதைப்பது குறைவு. நான் போனபோது முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டு இருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். கையிலிருந்த மிளகாயை வைத்துவிட்டுக் கேட்டாள்.

"நான் என்ன சொல்லவேணும் அண்ணை?"

"காரிலை போனது. பம்பு அடிச்சது. பிள்ளை பிறந்தது. அவ்வளவுதான்."

"பிள்ளை இப்ப எங்கையெண்டு கேப்பினம்."

அவன் எங்கே என்று ஒழுங்கைக்கே தெரியும். பதினெட்டு வயதில், போரின் கடைசி மாதங்களில், வன்னியில்.

"பெத்த கதையைச் சொன்னால் போன கதையையும் சொல்லவேணும்," என்றாள். "நான் உந்தக் காரை நினைக்கிறேல்லை அண்ணை. நீங்கள் ஸ்ரார்ட் பண்ணுற சத்தம் கேட்டால் அவன் படலைக்கு ஓடுவான், தன்ரை காரெண்டு. காரைக் கொண்டுபோனது நல்லதெண்டு இருந்தனான்."

தேத்தண்ணி போடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். வரும் வழியில், எனக்கு வந்த கோபம் யார் மேல் என்று பிடிபடவில்லை. அவள் மேல் கோபிக்க நியாயமில்லை. அந்தக் கோபத்தை அண்ணையின் மகன் மேல் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

ஆதாரம் இல்லை என்று அவனிடம் சொன்னேன். ஏன் என்று சொல்லவில்லை. அடுத்த நாள் அவன் ஒரு வாக்கியத்தை எழுதி அனுப்பினான். ஆதாரம் இல்லாமலே போடக்கூடிய மாதிரி அவர்கள் எழுதித் தந்ததாம். போர்க்காலத்தில் இந்தக் கார் நோயாளிகளை ஏற்றிச் சென்றதாக உள்ளூரில் சொல்லப்படுகிறது.

அதை மனுசிக்கு வாசித்துக் காட்டினேன். அவ அடுப்படியில் உலை வைத்திருந்தா. பானை ஒரு பக்கம் ஆடாமல் இருக்க வழக்கமாக வைக்கும் ஓட்டுத்துண்டைத் தேடிக்கொண்டு நின்றா.

"ஆர் சொல்லுறதாம்?"

"உள்ளூரிலை."

"உள்ளூரிலை ஆரும் சொல்லுறேல்லையே. நீங்கள் மட்டும்தானே சொல்லித் திரியிறியள்."

அது உண்மைதான்.

"எண்டால் பானையைக் குடுக்கிறதோ?" என்று கேட்டா.

"'சொல்லப்படுகிறது'க்கு நான் மூடியும் குடுக்கன்."

"மூடி அந்தக் காரின்ரை இல்லை. அது நான் அச்சுவேலிச் சந்தையிலை வாங்கினது."

அவனுக்கு எடுத்து, வரி வேண்டாம், பானையும் இல்லை என்றேன். அவன் கொஞ்சம் வாதாடினான். பிறகு, "சரி சித்தப்பா, உங்கடை விருப்பம்," என்றான். அந்தக் குரலில் ஆறுதல் இருந்தது. ஒரு கிழவனின் கரைச்சல் ஓய்ந்த ஆறுதல். பலகை அப்படியே இருக்கிறது. கோடைகாலத்தில் ஆட்கள் வந்து அதை வாசித்து, காருக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு போவார்கள். மெக்கானிக்கின் இருக்கைக்குப் புதுத் தோல் போட்டிருப்பார்கள். கைப்பம்பின் பிடியையும் மினுக்கியிருப்பார்கள்.

மனுசி ஓட்டுத்துண்டைக் கண்டெடுத்துப் பானையின் கீழே செருகினா. அரிசியில் கல் பொறுக்கித் தரும்படி என்னிடம் சுளகை நீட்டினா. இப்போது வீட்டில் இரண்டே பேர். பானை பெரியது; சோறு எப்போதும் மிஞ்சுகிறது.